இரண்டு கடல், மூன்று நாள்: ராமநாதபுரக் கரையில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கோயம்புத்தூரில் இருக்கும் சின்னம்மா மகன் போன வாரம் போன் செய்தான். மாலத்தீவு போகலாம் என்று ஆறு மாதமாகக் கணக்குப் போட்டு, டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அந்தமானுக்கு இறங்கி, அதுவும் கட்டுபடியாகாமல் கடைசியில் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறான். “அண்ணே, ராமேஸ்வரமும் தீவுதானே? மூணு நாள் இருக்கு. கடல்ல குளிக்கணும், படகுல போகணும், பிள்ளைங்க பறவை, மீன்னு ஏதாவது பார்க்கணும். எங்க போகட்டும்?”

வருகிறவர்கள் ஐந்து பேர். அவன், அவன் மனைவி, பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், அப்புறம் முழங்கால் வலியோடு எங்கள் சின்னம்மா.

நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: “எந்த மாசம்?”

“மே மாசம் லீவுல. இல்லேன்னா பொங்கலுக்கு. அதுல என்ன இருக்கு?”

அதில்தான் எல்லாம் இருக்கிறது. இணையத்தில் ‘ராமேஸ்வரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று தேடினால் வரும் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. எங்களுக்கு இருப்பது ஒரு கடல் இல்லை, இரண்டு. வரைபடத்தில் பாருங்கள்: மண்டபம் வரை நிலம் கிழக்கே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு போகிறது, அதன் நுனியில் பாம்பன் கால்வாய், அதற்கு அப்பால் தீவு. இந்த மூக்குக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. பள்ளிக்கூடத்தில் படித்த இந்தப் பெயர்களைக் கரையில் யாரும் சொல்வதில்லை. வடகடல், தென்கடல், அவ்வளவுதான். அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண் கடல் என்றும், அடித்துப் புரளும் தென்கடலை ஆண் கடல் என்றும் ராமேஸ்வரத்தில் சொல்வார்கள்.

ஆனால் பெண் கடலும் வருஷம் முழுக்க அமைதியாக இருப்பதில்லை. மே பாதியில் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். அப்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று ஏறிவிட்டால் அப்படியே தலைகீழ். வடகடல் கலங்கி அலையடிக்க, தென்கடல் தணிந்து தெளியும். வாடைக் காலத்தில் வடகடல் மீனவர்களில் பலர் படகைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய்விடுவது இதனால்தான். சுற்றுலா வருகிறவரும் அதையே செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இங்கே முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஊர் என்பதை இல்லை, எந்தக் கரை என்பதை.

இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். சில வருஷம் முன்பு, ஜூலை மாதம், மதுரை நண்பர்களைக் குருசடைத் தீவுக்குக் கூட்டிப்போனேன். உள்ளூர்க்காரன் என்ற மிதப்பில் போன் போட்டுக்கூடக் கேட்கவில்லை. படகு ஏறும் இடமான குந்துகாலில் போய் இறங்கினால் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. கடலைப் பார்த்த எவனும் அன்றைக்குப் படகு கேட்டிருக்க மாட்டான், நாங்கள் கேட்டோம். “கச்சான்ல தென்கடலுக்கா வந்தீங்க?” என்று அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்காமலே கேட்டார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? விவேகானந்தர் மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். சிகாகோ போய்வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் வந்து இறங்கியது அந்தக் கரையில்தான். அவர் வந்ததுகூட ஜனவரியில் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

தம்பியின் பட்டியலில் முதலில் இருந்தது தனுஷ்கோடி. யார் பட்டியலிலும் அதுதான் முதலில் இருக்கும். அதைப் பற்றி நான் முதலில் சொன்னது, “அங்க குளிக்க முடியாது” என்பதை. அவன் நம்பவில்லை. படங்களில் பார்த்த நீலம் அப்படி. ஆனால் தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் இரண்டு கடலும் வந்து மோதுகிற இடத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று உள்ளூர்ப் பிள்ளைகளே பந்தயம் கட்ட மாட்டார்கள். ஓரத்தில் நின்று கால் நனைக்கலாம், அதோடு சரி. மணல்முனையின் உருவமே காற்றுக்குத் தக்கபடி மாறும். போன வருஷம் நின்ற இடத்தில் இந்த வருஷம் தண்ணீர் இருக்கும். மாலைக்குமேல் வண்டிகளை விடவும் மாட்டார்கள்.

அப்படியானால் எதற்குப் போவது? பார்ப்பதற்கு. அந்த மாதிரி இடம் தமிழ்நாட்டில் வேறு கிடையாது. இடப்பக்கம் ஒரு கடல் சத்தமில்லாமல் கிடக்க, வலப்பக்கம் இன்னொன்று இரைந்துகொண்டிருக்க, நடுவே ஒரு தார்ச்சாலை. 2017-ல் அந்தச் சாலை திறக்கப்படும் முன்பு முகுந்தராயர் சத்திரத்தில் வண்டியை விட்டுவிட்டு, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிப் போகும் வேனில் ஏற வேண்டும், இடுப்பு கழன்றுவிடும். இப்போது சின்னம்மா காரைவிட்டு இறங்காமலே முனை வரை போய்வரலாம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், ரயிலோடு சேர்த்து ஓர் ஊரையே கொண்டுபோனது எல்லோருக்கும் தெரிந்த கதை. இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அது சாதாரணக் கல் இல்லை, பவளப்பாறை. கல்லில் பூவிதழ் மாதிரி கோடுகள் தெரியும். கடலுக்குள் இறங்காமல் பிள்ளைகள் பவளம் பார்க்க அந்தச் சுவர் போதும்.

இன்னொன்று, அங்கே குடிசைப் பக்கம் மணலில் தோண்டிய ஊற்று. கடலிலிருந்து சில அடி தூரம்தான் இருக்கும். முழங்கை ஆழத்துக்கு மணலை வாரினால் தண்ணீர் கசியும். ஓர் அம்மா கொட்டாங்கச்சியால் அதைக் கலக்காமல் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவதை ரொம்ப நேரம் நின்று பார்த்திருக்கிறேன். குடம் நிறைய அரை மணி நேரம் ஆகிறது. கேட்டால் ஒரு வாய் குடிக்கத் தருவார்கள். உப்பு இருக்காது.

பொங்கலுக்கு வந்தால் தனுஷ்கோடிக்கு மதிப்பு இரட்டிப்பு. போகிற வழியில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய தண்ணீர்ப் பரப்பில் பூநாரைகள் வந்திருக்கும். அந்தப் பகுதியை 2025 ஜூனில் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடு கிழித்த மாதிரிதான் தெரியும். திடீரென்று பறவைகள் எழும்பும்போதுதான் சிறகின் சிவப்பு தெரியும். பைனாகுலர் இரவல் வாங்கியாவது கொண்டுவரச் சொன்னேன். பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் ஜனவரிக்குப் பிறகுதான். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைப்பார்கள், மார்ச், ஏப்ரல் வாக்கில் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். மே மாதம் வருகிறவருக்கு இது ரெண்டுமே கிடையாது. மே மாத நடுப்பகல் தனுஷ்கோடியில் கிடைப்பது வெயில் மட்டும். நிழல் என்று சொல்ல மீன் பொரிக்கும் கொட்டகைகள்தான் உண்டு. மே மாதம் போவதானால் விடிந்ததும் முதல் வண்டிகளோடு போய், ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

குளிப்பதற்கு அரியமான். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே திரும்பினால் வரும் கடற்கரை. நீளமான மணல், பின்னால் சவுக்குத் தோப்பு, எதிரில் வடகடல். எங்கள் ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை புளிசாதம் கட்டிக்கொண்டு போகும் இடம். அழகு என்று பார்த்தால் தனுஷ்கோடியின் கால்தூசி பெறாது. ஆனால் ஆறு வயதுப் பெண்ணைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிம்மதியாக உட்கார இந்த மாவட்டத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ரொம்ப தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்குமேல் ஏறாது, கச்சான் காலத்தில் அலை என்று சொல்லவும் ஒன்றும் இருக்காது. சின்னம்மாவுக்குத் தோப்பு நிழல். குறை என்றால், விடுமுறை நாளில் கூட்டம் விட்டுப்போகும் குப்பை. அப்புறம் சில நாள் சொறி மீன், அதாவது ஜெல்லி மீன் ஒதுங்கும். இறங்கும் முன்பு அங்கே குளித்துக்கொண்டிருப்பவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஜனவரியில் மட்டும் என்னிடம் அரியமான் பற்றிக் கேட்காதீர்கள். தண்ணீர் சேற்று நிறத்தில் இருக்கும், கரை முழுக்கக் கடல்தாழை ஒதுங்கி மக்கிக் கிடக்கும்.

அந்தக் கடல்தாழையைக் கேவலமாக நினைக்கவும் கூடாது. தண்ணீருக்கடியில் அது புல்வெளி. ஆவுளியா என்று நாங்கள் சொல்லும் கடற்பசு மேய்வது அதில்தான். ஆவுளியாவைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போன ஆட்கள்கூட எத்தனை தடவை பார்த்தோம் என்று விரல்விட்டு எண்ணுவார்கள்.

என் ஓட்டு காரங்காட்டுக்கு. தம்பி அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வழியாகத் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பூர் தாண்டி வரும் மீனவ கிராமம். கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடம். ஆற்றின் இரு கரையிலும் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகு விடுகிறார்கள். பிச்சாவரம் பார்த்தவர்கள் இது சின்னது என்பார்கள். சின்னதுதான். ஆனால் கூட்டத்தில் முட்டிக்கொள்ளாமல் போகலாம், படகு ஓட்டுகிறவர் அந்த ஊர்க்காரர், காடு அவருக்குக் கொல்லைப்புறம்.

கடைசியாக நான் போனபோது நடுவழியில் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் அடங்கியதும்தான் காடு பேச ஆரம்பித்தது: சேற்றில் ஏதோ ‘டொப்’பென்று குதித்தது, நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வற்றிய ஓரத்தில் பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் நின்றன. சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது. படகுக்காரர் ஓர் இலையைப் பறித்து என்னோடு வந்திருந்த பையனிடம் கொடுத்து, “நக்கிப் பாரு தம்பி” என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். நாக்கை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான்: “உப்பு!” குடித்த உப்பை அந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இலைமேல் பொடி மின்னும். வீடு திரும்பும் வரை வழியில் பார்த்த வேப்பமரத்தையெல்லாம் நக்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

கரையில் மகளிர் குழுவினர் சமைத்துத் தருவார்கள். நண்டு, மீன், இறால், அன்றைக்கு என்ன கிடைத்ததோ அது. முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று சாப்பாடு கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? காரங்காட்டின் பெரிய வசதி, ஆற்றுவாயும் காடும் காற்றை மறித்துவிடும். அதனால் மே, ஜனவரி இரண்டுக்கும் சரிப்படும். ஜனவரியில் வலசைப் பறவைகள் கூடுதல். அடைமழை நாள் மட்டும் வேண்டாம். சின்னம்மாவைப் படகில் ஏற்றி இறக்க இரண்டு கை வேண்டும், அதற்கு ஆள் இருக்கிறது.

குருசடைக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் தம்பி மனைவிக்கு அதுதான் ஆசை. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் தென்கடலில் வரிசையாக 21 தீவுகள். 1986 முதல் தேசியப் பூங்கா. அவற்றில் மற்றதற்கெல்லாம் நாம் கால்வைக்க முடியாது, குருசடைக்கு மட்டும் வனத்துறை படகில் கூட்டிப்போகிறார்கள். கடல்வாழ் உயிர் படிக்கிறவர்களுக்கு அது ஒரு திருத்தலம் மாதிரி. நூறு வருஷத்துக்கும் மேலாக ஆராய்ச்சியாளர்கள் வந்துபோகிறார்கள். பவளம் பார்க்கலாம், ஆனால் டிவியில் பார்க்கிற நிறத்தை எதிர்பார்த்து வர வேண்டாம். இந்தப் பக்கத்துப் பவளத்தை ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் சுவருக்கும் வெட்டித் தீர்த்தோம். மிச்சத்தை 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுக்கவைத்தது. வாடை தணிந்த பிறகு, அதாவது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை தண்ணீர் தெளிந்த நாளில் போனால், இருப்பதை நன்றாகவே பார்க்கலாம். மே கடைசியில் வந்துவிட்டு இதற்கு ஒரு நாளை ஒதுக்குவது சூதாட்டம்.

ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசையிலும் படகுச் சவாரி உண்டு, அதுவும் தென்கடல், அதே கணக்கு. அதற்கும் தெற்கே வாலிநோக்கம்: உப்பளம், மீன்பிடி ஊர், ஆளில்லாத அழகான கரை. தனிமை தேடுகிறவருக்குச் சொல்வேன். ரெண்டு பிள்ளையும் ஒரு முழங்கால் வலியும் இருக்கிற குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன். கீழக்கரை வழியாகப் போனால் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டுக் கிண்டியது, கையில் ஒட்டும், நாலு நாள் தாங்கும்.

தங்குவது எங்கே என்பது அடுத்த சண்டை. ராமேஸ்வரத்தில் அறைகள் ஏராளம். ஆனால் அந்த ஊர் கோயிலுக்காக இருக்கிற ஊர், கடற்கரை விடுதிக்காக இல்லை. அமாவாசை தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்: பெயர் வேண்டாம், ஒரு விடுதியில் போனில் ஒரு வாடகை சொல்லி, போய் நின்றதும் மூன்று மடங்கு கேட்டார்கள். அன்றைக்குத் தை அமாவாசை. பேரம் பேச என் பக்கம் ஒரு நியாயமும் இல்லை. ராமநாதபுரத்தில் தங்கினால் வாடகை தாங்கும், காரங்காடு வடக்கே ஒரு மணி நேரத்துக்குள், கீழக்கரை தெற்கே அரை மணி நேரம். ஆனால் ராமேஸ்வரம் 55 கிலோமீட்டர். விடிகாலை தனுஷ்கோடி என்றால் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்ப வேண்டும். ஒரே இடத்தில் மூன்று நாளும் என்கிற பிடிவாதத்தை விட்டுவிட்டால் பிரச்சினை இல்லை.

ஆகவே நான் சொன்னது இது. பொங்கலுக்கு வந்தால் அரியமானை வெட்டிவிடு. தீவிலேயே இரண்டு இரவு தங்கி தனுஷ்கோடி, பூநாரை, காற்று விட்டால் குருசடை. திரும்பும் வழியில் காரங்காடு. குளியல் குறையும், பார்க்க நிறைய இருக்கும். மே மாதம் என்றால் குருசடையை மறந்துவிடு. முதல் நாள் காலை காரங்காடு, ராமநாதபுரத்தில் இரவு, மறுநாள் பிற்பகலுக்குமேல் அரியமானில் பிள்ளைகள் ஊறட்டும், இருட்டும் முன்பு பாம்பன் பாலத்தில் ஏறிவிட்டால் 2025-ல் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைப் பார்த்துக்கொண்டே தீவுக்குள் போகலாம். மூன்றாம் நாள் விடியலில் தனுஷ்கோடி. ரெண்டில் எது நல்லது என்று கேட்டால், எனக்குப் பொங்கல். ஆனால் பிள்ளைகள் வருவது தண்ணீருக்காக என்றால் மே மாத முதல் பாதி. தை அமாவாசை எந்தத் தேதி என்று மட்டும் காலண்டரைப் பார்த்துக்கொள்.

“மே மாசமே வர்றோம்ணே. மீனு கிடைக்கும்ல?”

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு போகும். விலை கூட இருக்கும், ஆனால் வருவது அன்றைக்குப் பிடித்த மீன். போதாததற்கு நுங்கும் பதநீரும் உண்டு என்றேன். சமாதானமானான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது போன் கை மாறியது. சின்னம்மா. “ஏம்ப்பா, அரை மணி நேரமா ராமேஸ்வரம் ராமேஸ்வரம்னு பேசுறீங்க. கோயிலுக்கு எப்பன்னு ஒருத்தரும் சொல்லலையே?”

உண்மைதான். எங்கள் திட்டத்தில் ராமநாதசாமியே இல்லை. மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி, மதியம் கிளம்ப வேண்டும், தீர்த்தமாட நேரமில்லை என்று நான் இழுத்தேன்.

“இருபத்திரண்டு கிணத்துக்கும் ஏறி இறங்க என் முழங்கால் விடாது. அஞ்சு மணிக்கு ஸ்படிக லிங்கம் பார்க்க விடுவாங்கள்ல, அதைக் கும்பிட்டுட்டு அப்படியே தனுஷ்கோடிக்கு வண்டிய விட்டா விடிஞ்சுடும். பிள்ளைங்க வண்டியில தூங்கட்டும்.”